பூஜை அலமாரியில் பழைய கேம்

ராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள விமல் அப்பாவுக்கு,

பொன்மணி எழுதுகிறேன். போன் இருக்க இதென்ன கடுதாசி என்று திகைக்காதீர்கள். நீங்கள் வீடியோவில் வந்தாலே விமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் அப்பனும் மகனும் இன்ஜின் கதைதான், நான் எங்கே வாயைத் திறக்க? அதனால்தான் மஸ்கட் திரும்புகிற ஜெபக்குமார் கையில் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

உடம்புக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. மோட்டாரில் தண்ணீர்தான் சரியாக ஏறவில்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விமலோடு படித்த தளவாய்புரத்து சதீஷ் செத்துப்போனதைச் சொன்னேன் அல்லவா? கிருஷ்ணன்கோவில் பக்கம் நாலுவழி ரோட்டில் பைக் ரேஸ் ஓட்டி விழுந்தவன். அங்கே ரோடு பிரிகிற விலக்கில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கூட்டாளிகள் போட்டோ. நம் பிள்ளையும் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிறான். மதுரை பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

படுபாவிகள் அத்தோடு விட்டார்களா? அதே ரோட்டில், இந்த மாசக் கடைசியில், சதீஷ் பேரில் ஒரு ரேஸ் ஓட்டப் போகிறார்களாம். நம்மவன்தான் முன்னால் போகணுமாம். அழுதுகொண்டேதான் சொன்னான். அழுகிற பிள்ளையை நான் என்ன சொல்ல?

அதற்காகத்தான் உங்கள் பழைய பைக்கைப் பிரித்திருக்கிறான். வால்வைத் திறந்து மூடுகிற கேமைக் கழற்றிவிட்டு ரேஸ் கேம் மாட்டினான். வண்டி இழுக்கவில்லை. போன வாரம் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனான். தேரடிக் கூட்டத்தில் விக்கி விக்கி நின்றேபோனது. மிதித்து மிதித்து அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். வாய்தான் திட்டியது, மனசுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

மெக்கானிக் வேலுசாமியிடம் கேட்டேன். "யக்கா, இந்தக் கேம் வால்வை ரொம்ப நேரம் தொறந்து வைக்கும். பிஸ்டன் மேல ஏறுதப்ப பாதிக் காத்து வந்த வழியே திரும்பிப் போயிருது. குக்கர்ல கேஸ்கட் உக்காரலன்னா சோறு வேகுமா? காத்தை இன்னும் இறுக்கி அமுக்கி கம்ப்ரஷனைக் கூட்டுத பிஸ்டன் போட்டாத்தான் இதுக்குச் சரியா வரும். பொறவு பாருங்க, வண்டி பறக்கும்" என்றார். பறக்கவே வேண்டாம் சாமி என்று வந்துவிட்டேன்.

அந்தப் பிஸ்டனைத்தான் நீங்கள் ஜெபக்குமாரிடம் கொடுத்துவிட்டீர்கள். மகன் கேட்டால் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்களா? விமல் காலேஜ் போயிருந்தபோது பெட்டி என் கைக்கு வந்தது. அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். சாயங்காலம் கேட்டான். ஏர்போர்ட்டில் பிடித்து வைத்துவிட்டார்களாம் என்றேன். "சரிம்மா, பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் தின்றான். என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட இம்புட்டு வலித்திருக்காது.

நேற்று என்ன சொல்கிறான் தெரியுமா? பிஸ்டன் வராவிட்டால் போகிறது, இன்ஜின் மேல்மூடி ஹெட்டை இழைத்தே கம்ப்ரஷனைக் கூட்டிவிடலாமாம். லேத் பட்டறையில் சொல்லியும் வைத்துவிட்டான். நான் எதையென்று ஒளிப்பேன்? சாவியை ஒளித்தால் கூட்டாளி வண்டியை வாங்கிக்கொண்டு போவான். சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறான். "ஒண்ணும் ஆவாதும்மா, பயப்படாத" என்கிறான். சதீஷும் அவன் அம்மாவிடம் இதைத்தானே சொல்லியிருப்பான்.

பிஸ்டன் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன், கோபப்படாதீர்கள். அவன் கழற்றிப் போட்ட கேமுக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். லீவு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாசக் கடைசிக்குள் வந்து, அதை உங்கள் கையால் மாட்டிவிட்டுப் போங்கள். நீங்கள் மாட்டினால் அவன் கழற்ற மாட்டான், ரேஸுக்கும் போக மாட்டான். என்னால் முடியவில்லை.

சாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பொன்மணி

பி.கு: மதுரையில் இறங்கி பஸ்ஸில் வருவீர்கள். கிருஷ்ணன்கோவில் வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பேனரை இன்னும் எடுக்கவில்லை.