நான்கு கதவு ராம்ப்ளர்

மே 11

காலையில் இரண்டு உயில்களை எழுதி முடித்தேன். மதியம், ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர் ஒருவரிடம் 1964ஆம் ஆண்டு ராம்ப்ளர் கார் ஒன்றை வாங்கினேன். மாவு நிறம். நான்கு கதவுகள். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி இதைவிட விலை அதிகம்.

காரணத்தைப் பதிவு செய்துவைப்பது நல்லது. பழைய கார் சேகரிப்போர் இரண்டு கதவு வண்டிகளையே மதிக்கிறார்கள். அதே ஆண்டில், அதே ஆலையில், அதே எந்திரத்தோடு பிறந்த வண்டிக்குப் பின்கதவுகள் இரண்டு கூடிவிட்டால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதிகப் பொருள், குறைந்த விலை. வாங்குவோனுக்கு இதைவிடச் சாதகமான நிலை இருக்க முடியாது.

பக்கத்து வீட்டு வெர்னுக்கு இதை விளக்கினேன். அவனிடம் கூரை மடங்கும் சிவப்பு மஸ்டாங் கார் இருக்கிறது; இரண்டே கதவு. "ஏம்பா வக்கீலே, நாலு கதவுங்கிறது சின்னம்மாவ சர்ச்சுக்கு இறக்கிவிடுற வண்டிப்பா" என்றான்.

மே 12

என் மனைவி நடீன் பேசவில்லை. ராம்ப்ளர் ஷெட்டில், நான் ஆபீசுக்கு ஓட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே அவளுடைய வண்டி வெளியே நிற்கிறது.

மே 13

பேசினாள்.

"செப்டம்பர் முடியறதுக்குள்ள, நமக்குத் தெரியாத ஒருத்தன் இத நல்ல வண்டின்னு சொல்லட்டும். ஒரே ஒருத்தன் போதும். இல்லன்னா வித்துட்டு எனக்கு ஷெட்டக் குடுங்க."

"தானா வந்து, எந்தத் தூண்டுதலும் இல்லாம சொல்லணும்னு சேத்துக்கலாமா?" என்றேன். தொழில் பழக்கம்.

"தாராளமா."

எனக்கு எதிரான நிபந்தனையை நானே இறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 8

வங்கி வாசலில் முதல் கார் கண்காட்சி. மஸ்டாங்குகளை மர நிழலில் நிறுத்தினார்கள். என்னை வரிசையின் கடைசியில், தற்காலிகக் கழிப்பறைகளுக்குப் பக்கத்தில். வண்டிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். ஒன்றை மறுக்க முடியாது: இன்று அதிகம் பேர் வந்து நின்ற வண்டி என்னுடையது.

ஒரு பெரியவர் நெடுநேரம் பார்த்தார். "எங்க சித்தப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

நான் எழுந்து நின்றேன். "அப்படியா? அப்புறம்?"

"செத்துட்டாரு."

அதற்குள் கழிப்பறை காலியானது. போய்விட்டார்.

ஜூன் 9

அதைப் பாராட்டாகக் கொள்ள இயலுமா? இயலாது.

ஜூலை 4

சுதந்திர தின ஊர்வலம். இந்த ஆண்டின் சோள ராணியாகத் தேர்வான பெண் வெர்னுடைய மஸ்டாங்கில் கையசைத்தபடி போனாள். எனக்குப் பல் மருத்துவர் ஃபென்விக்கின் விளம்பரப் பல்லை ஏற்றினார்கள். பஞ்சில் செய்த கடைவாய்ப் பல்; கன்றுக்குட்டி அளவு. பின்கதவுகள் இரண்டையும் திறந்து வைத்தால்தான் அது அடங்கியது. வேர்கள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தன. கடைத்தெரு முழுவதும் கைதட்டல். யாரோ, "சூப்பரா இருக்கு!" என்று கத்தினார்.

எது? வண்டியா, பல்லா?

ஐயத்தின் பலனை எனக்கே கொடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. பல்தான்.

ஆகஸ்ட் 17

மாவட்டப் பொருட்காட்சி. பிற்பகலில் திடீர் மழை. வெர்ன் மஸ்டாங்கின் கூரையை இழுத்தான். அது பாதியில் நின்றுவிட்டது. அவனும் அவன் மனைவியும், முன்பின் தெரியாத ஒரு தம்பதியும் ராம்ப்ளருக்குள் ஓடி வந்தார்கள். நடீனோடும் என்னோடும் சேர்த்து ஆறு பேர். பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சைப் பிட்டுப் பிட்டுப் பகிர்ந்துகொண்டோம். கண்ணாடிகளில் ஆவி படிந்தது. அந்த முன்பின் தெரியாத அம்மாள், "எவ்வளவு நல்ல வண்டி!" என்றாள்.

நடீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லிட்டாங்க. போதுமா?"

"மழைக்குப் பயந்து சொன்னது. தானா வந்து சொன்னதாகாது."

"உங்களுக்கு எதிரா நீங்களே வாதாடுறீங்க. ஃபீஸ் யாருகிட்ட வாங்குவீங்க?"

வெர்ன் சிரித்ததில் சாண்ட்விச் புரையேறியது. நேர்மை சில வேளைகளில் முட்டாள்தனத்தின் உடையைப் போட்டுக்கொள்கிறது. ஆயினும் என் தீர்ப்பு சரியே.

செப்டம்பர் 28

கடைசிக் கண்காட்சி. ஒருவர் வழி கேட்டார். ஒருவர் என் நாற்காலி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

செப்டம்பர் 30

கண்ணாடியில் 'விற்பனைக்கு' அட்டையை ஒட்டினேன். அதைப் போய் எவன் வாங்கப்போகிறான் — எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ஒரு காருக்காக இப்படியா? வயசு அறுபத்தொண்ணு.

அக்டோபர் 5

ஃபோர்ட் வேன் நகரிலிருந்து ஒருவன் வண்டியைப் பார்க்க வந்தான். டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தான். பிறகு வழக்கப்படி மட்டம் தட்டத் தொடங்கினான். வாங்க வருபவன் இகழ்வதும், விற்பவன் வாயைத் திறக்காமல் தரையைப் பார்ப்பதும் இந்த வட்டாரத்து மரபு. நானும் தரையைப் பார்த்தேன்.

"நாலு கதவு. நிறமோ, ஆறிப்போன கஞ்சி. சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டி சார் இது."

நடீனுக்கு இந்த மரபு தெரியாது. பாத்திரம் துலக்கிய ஈரக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யாருய்யா துஷ்டி வீடு? மழையில ஆறு பேரு கால் நனையாம உக்காந்து சாப்பிட்ட வண்டி இது. உன் ரெண்டு கதவு வண்டியில பின்னால ஏறணும்னா முன் சீட்டுக்கு முதல்ல தோப்புக்கரணம் போடணும். நாலு கதவு இருந்தா மனுஷன் மனுஷனா இறங்குவான். ஆறிப்போன கஞ்சியாம்!"

அவன் பதறி விலையை உயர்த்தினான்.

"விக்கிறதுக்கில்ல," என்று அட்டையைக் கிழித்தாள். அவன் புறப்பட்டுப் போகும்போதும், "கஞ்சியாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரவு உணவின்போது, அவள் தெரியாதவர் என்ற வரையறைக்குள் வரமாட்டாள், ஆகவே நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை என்று சுட்டிக்காட்டினேன்.

"சாப்பிடுங்க."

நவம்பர் 16

தங்கை வீட்டுக்குப் போயிருந்த நடீன் போன் செய்தாள். வழியில் ஒரு பண்ணை ஏலமாம்.

"ஒரு பழைய கார். பச்சை நிறம். நாலு கதவு. அத்தன பேரும் பக்கத்துல இருந்த ரெண்டு கதவையே சுத்திட்டு நின்னாங்க. இத ஒரு பய திரும்பிப் பாக்கல. எனக்குப் பொறுக்கல."

"நடீன், நீ என்ன பண்ண?"

"கையத் தூக்கிட்டேன்."

ஷெட்டில் இரண்டு வண்டிகளுக்குத்தான் இடம் உண்டு, அவள் தினமும் ஓட்டும் வண்டியே வெளியேதான் நிற்கிறது என்று நினைவூட்டினேன்.

"அந்தப் பச்சையத்தான் ஓட்டப்போறேன். என் பழசத் தங்கச்சிக்குக் குடுத்தாச்சு. நீங்க ஆபீசுக்கு எடுத்துட்டுப் போற வண்டி இருக்கே, அது என்ன நிறம்? எனக்கு ஞாபகமே வரல. அது வெளிய நிக்கட்டும்."

நவம்பர் 23

காலையில், வெளியே நிற்கும் என் வண்டிக் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டி முடிக்க நெடுநேரம் பிடித்தது. மேல்முறையீடு செய்வதாக இல்லை. ஷெட்டுக்குள் நடீன் விளக்கைப் போட்டுக்கொண்டு பச்சை வண்டியின் பின்கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.