உப்புத் தண்ணில கழுவுன காரு

ஜானட்டு,

வண்டிய விக்கலடி. உன் தம்பி கைல கேட்டனுப்புனியே, வண்டி இன்னும் இங்கதான் கீது, எண்ணூர்ல, நம்ம வூட்டு வாசல்ல. என் மொத காரு, எப்டி விப்பேன்?

அன்னிக்கு மழைல உன் காலுக்குக் கீழ வண்டித் தகடு இத்துப்போயி செருப்பு ரோட்ல வுழுந்துச்சு. நீயும் வயித்தத் தூக்கிகினு உங்கம்மா வூட்டுக்குப் பூட்ட. அது ஏன் இத்துச்சுன்னு இப்பதான் தெரிஞ்சுது. தெனம் அடிபம்புத் தண்ணில ஆசையா கழுவுனேன்ல? அது முழுக்க உப்பு. மெக்கானிக் தமீம் பாய் சிரிச்சிகினே கேட்டாரு: "காரு கழுவுனியா, கருவாடு போட்டியா நைனா?"

இப்ப புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணியாச்சு. உன் சீட்டாண்ட ஏறி நின்னு குதிச்சும் பாத்துட்டேன், அசையல.

இனிமே லாரித் தண்ணிலதான் கழுவுவேன். நீ குடத்தோட நின்ன கியூல இப்ப நான் நிக்கிறேன். "இன்னா மாப்ள, பொண்டாட்டி எப்ப வருவா?"ன்னு பொம்பளைங்க கலாய்க்கிறாங்கோ. ஞாயித்துக்கெழமன்னு சொல்லிட்டேன்.

அன்னிக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சதும் மணலி புதுநகருக்கு வரேன். நம்ம புள்ளைய இந்த வண்டிலதான் வூட்டுக்கு இட்டாருவேன்னு சொன்னேன்ல? ரெடியா இரு. நீ முன்னாடிதான் குந்தணும்.

லாரி ஹாரன் அடிக்கிறான். குடத்த எடுத்துகினு ஓடணும், போறேன்.

உன் டிரைவரு