வீடியோவில் வரும் கை

மார்ச் 3, செவ்வாய்

இன்னொரு பார்சல். சாமி படத்தைப் பிரிப்பதுபோல் பிரித்தான் உமேஷ். உள்ளே நீல நிறத்தில் ஒரு ஓவர்டிரைவ் பெடல். பச்சையும் மஞ்சளும் ஏற்கெனவே அலமாரியில் இருக்கின்றன. காலால் அழுத்தினால் எலெக்ட்ரிக் கிடாரின் குரல் கரகரக்கும், அவ்வளவுதான் வேலை. என் புருஷன் அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். பச்சை ஒரு தினுசாம், மஞ்சள் வேறு தினுசாம். எனக்கு மூன்றுமே பக்கத்து வீட்டு மிக்சி.

இதையெல்லாம் ஒப்பிட்டுப் பேச ஒரு யூடியூப் சேனல் வேறு. அதில் ஒரு பாட்டை முழுதாக வாசித்த வீடியோ மட்டும் கிடையாது.

மார்ச் 5

எங்கள் பேண்டில் ஹில்டா பாட்டு, தீனா டிரம்ஸ், உமேஷ் லீட் கிடார், நான் ரிதம். இந்த மாதக் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு காபிக் கடைத் திறப்பு விழாவில் வாசிக்கிறோம். ஒரு பாட்டிலாவது நான் தனியாக வாசிக்க ஒரு சோலோ கொடு என்றேன். ரிதம்தான் முதுகெலும்பு என்றான். முதுகெலும்பை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் வசதி.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தின வாழ்த்துச் சொன்னான். அதே மூச்சில் வீடியோவுக்கு உதவக் கூப்பிட்டான்.

அவன் திரும்பி உட்கார்ந்துகொள்ள வேண்டும், நான் பெடலை மாற்றி மாற்றி ஒரே வரியை வாசிக்க வேண்டும், அவன் எது எதுவென்று சொல்ல வேண்டும். பச்சையை நீலம் என்றான். நீலத்தை மஞ்சள் என்றான். பிறகு ஒயர் சரியில்லை, வோல்டேஜ் சரியில்லை, கடைசியில் என் வலது கை சரியில்லை.

சரி, நான் உட்காருகிறேன் என்றேன். சிரிப்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால்... கேட்டது. பச்சை, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல. மஞ்சள், வாயை அகலத் திறந்து பேசுவதுபோல. நீலம் மென்மையாக ஆரம்பித்து நுனியில் பிறாண்டும். திரும்பத் திரும்ப வாசித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"லக்" என்று சொல்லி போனை அணைத்தான்.

மிக்சி என்று எழுதியவள் நான்தானா?

மார்ச் 12

வீடியோ வந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல, நுனியில் பிறாண்டும் — எல்லாம் என் வார்த்தை. பேசுவது அவன் வாய். நான் எங்கே? கம்பிமேல் ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும். 'அண்ணா, உங்களுக்கு இருக்கறது காது இல்ல, லேப்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே அதை எனக்குப் படித்துக் காட்டினான் உமேஷ்.

என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சேனல் என் பேர்ல இருக்கு சுப்ரஜா. நீ வந்தா ஆடியன்ஸ் கன்ஃபியூஸ் ஆயிடுவாங்க."

என்ன கன்ஃபியூஷன்? பொண்டாட்டிக்குக் காது இருக்குன்னு தெரிஞ்சா என்ன குழம்பிடுமாம்?

மார்ச் 13

சாம்பாரில் உப்புப் போடவில்லை. டோன் எப்படி என்று, அவன் வீடியோவில் கேட்பதுபோலவே கேட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

மாடம்பாக்கத்தில் தீனா வீட்டு மாடியில் பிராக்டிஸ். எல்லோர் முன்னாலும் சோலோ கேட்டேன். உன் கை இன்னும் ரெடியாகவில்லை என்றான் உமேஷ்.

"அக்கா ஒருவாட்டி வாசிக்கட்டும்ணா. இன்னா ஆயிடப் போவுது?" என்றான் தீனா.

மஞ்சளை அழுத்தி வாசித்தேன். மாதக்கணக்கில் அவன் பெடலின் குமிழைத் திருகிய நேரமெல்லாம் நான் ஓசையில்லாமல் பழகிய சோலோ. முடித்ததும், விழாவில் இதை சுப்ரஜாதான் வாசிக்க வேண்டும் என்றாள் ஹில்டா, உமேஷைப் பார்க்காமல்.

அவன் குனிந்து என் காலடியிலிருந்த மஞ்சளைக் கழற்றிப் பையில் போட்டான். "இது என்னோடது."

வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பை.

மார்ச் 18

விழாவுக்கு உமேஷ் வரவில்லையாம். உடம்பு சரியில்லை என்று தீனாவுக்கு மெசேஜ், என் பக்கத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டே. நான் மட்டும் வாசிக்கிறேன் என்று தீனாவுக்கு நானும் அனுப்பினேன்.

மார்ச் 21, சனி

மறைமலை நகரில் ஒருவர் பழைய மஞ்சள் பெடல் விற்கிறார் என்று ரயிலேறிப் போனேன். ஹரிபிரசாத், கார் கம்பெனி இன்ஜினியர். ஓவர்டிரைவ் என்றால் என்ன என்று எனக்குப் பாடமெடுத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு வாசித்துப் பார்த்தேன். அவர் பேச்சை நிறுத்தினார்.

"மேடம், உமேஷ் அண்ணா வீடியோல வர்ற கை நீங்கதானே?"

ஆமாம், மீதியும் இருக்கிறது என்றேன்.

மார்ச் 28, சனி

வாசித்தேன். முதல் பாட்டில் ஒரு இடம் சறுக்கியது. வாங்கி வந்த மஞ்சளை அழுத்தி வாசித்த சோலோவில் சறுக்கவில்லை. கேக் வெட்டப் போனவர்கள்கூடத் திரும்பி நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன். அந்த டி-ஷர்ட்டைத் துவைத்தவள் நான்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவன் எனக்கு முன்பே வந்து, படுத்திருப்பதாக நடித்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பிராக்டிசுக்கு உமேஷும் வந்தான். டிரம்ஸ் பக்கத்தில், ரிதம் வாசிக்க நான் வழக்கமாக நிற்கும் மூலையில் போய் நின்று பச்சையைச் செருகினான். குமிழை அப்படியும் இப்படியும் திருகினான். தீனா குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"சத்தம் சரியா இருக்கா?" என்று கேட்டான் உமேஷ். தீனாவை இல்லை, என்னை.

கொஞ்சம் குறை என்றேன். குறைத்தான்.

இன்னும் கொஞ்சம் என்றேன்.