நாலு பேருக்கான டேங்க்

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

சோலார் ஹீட்டர் வைத்தால் கரண்ட் பில்லில் எவ்வளவு குறையும் என்று கேட்டிருந்தீர்கள். தினமும் மொட்டைமாடிகளில் அதைத்தானே மாட்டுகிறேன். நம் வீட்டுக்கும் கணக்குப் போட்டு மேஸ்திரியிடம் காட்டினேன்.

"வீட்ல எத்தனை பேருப்பா குளிக்கிறீங்க?"

"அப்பா, அம்மா, தங்கச்சி, நான். நாலு பேரு."

"நீதான் இங்க இருக்கியே," என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான்.

மூன்று பேர் என்றால், பில்லில் மிச்சமாகும் என்று நான் போட்ட கணக்கில் கால் பங்கு குறைந்துவிடும். உங்களுக்குச் சின்ன டேங்கே போதும், விலையும் கம்மி. இருந்தாலும் நாலு பேருக்கானதையே வாங்குங்கள், அப்பா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மீந்துபோகும் சுடுதண்ணீரில் அம்மா பாத்திரம் கழுவட்டும், நான் வரும் வரைக்கும்.

உங்கள் மகன்