பெரியம்மா பையன்

இஸ்திரிக்காரர் இன்று கொண்டுவந்த துணிகளில் உன் நீலக் கட்டம் போட்ட சட்டையும் இருந்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. "உங்க அண்ணன்து சார். பழைய மூட்டைக்குள்ள மாட்டிக்கினு கீது, இப்பத்தான் பாத்தேன்" என்றார்.

அண்ணன். அந்த வார்த்தையை உன்மேல் ஒட்டியவன் நான்தான்.

மயிலாப்பூரில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று வீட்டுக்கார மாமா கேட்டார்: "ரெண்டு பேரும் என்ன உறவு? பேச்சிலருக்கெல்லாம் ஆத்தைக் கொடுக்கறதில்லை." நீ சட்டென்று, "இவன் என் அத்தை பையன் மாமா" என்றாய். உதட்டோரம் சிரிப்பு. கட்டிக்கொள்ளும் முறை என்ற அந்தக் குறும்பு உலகத்துக்கே புரிந்துவிட்டதுபோல் எனக்கு வியர்த்துவிட்டது. "இல்லை மாமா, பெரியம்மா பையன். எனக்கு அண்ணன்" என்று திருத்தினேன்.

"அத்தையா பெரியம்மாவா, ஒண்ணைச் சொல்லுங்கோ!"

"பெரியம்மா."

படியிறங்கும்போது, "ஒரே வார்த்தைல அண்ணனாக்கிட்டியேடா" என்றாய். அதை நீ மன்னிக்கவேயில்லை. பதினெட்டு வருடம் ஆட்கள் முன்னால் "என்ன தம்பி?" என்று குத்தினாய். கதவைச் சாத்திய பிறகும் சில நாள் தம்பிதான். பயந்தவனைக் கேலி செய்வது சுலபம். நீ மட்டும் உன் அக்காவிடம் வாய் திறந்தாயா? அடையாறில் அவர் வீட்டிலிருந்து உன்னை எடுத்தபோது, "ஃப்ரெண்ட்ஸெல்லாம் வெளில நில்லுங்க" என்றார். செருப்புகளுக்கு நடுவே நின்றேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் உன் அக்காவுக்கு முன்பே என்னை வெளியே நிறுத்தியது நான்தான். வேலைக்கார அம்மா வருவதற்குள், யாரும் படுக்காத இரண்டாவது கட்டிலின் விரிப்பைத் தினமும் கசக்கி வைத்தேன். அவர் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. முகம் சுளித்துக்கொண்டு நின்றது நான் ஒருவன்தான்.

"அண்ணன் இல்லைங்க" என்றேன் இஸ்திரிக்காரரிடம். "அத்தை பையன்."

அவர் சிரித்தார். "இன்னா சார், அப்போ கட்டிக்கிற முறை!"

"ஆமா. கட்டிக்கிட்டுதான் இருந்தோம். பதினெட்டு வருஷம்."

சிரிப்பு பாதியில் நின்றது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. "சரி சார்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் வருவாரோ, மாட்டாரோ.

உன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தோள் எனக்குப் பெரிது. இரண்டாவது கட்டிலின் விரிப்பு கசங்காமல் கிடக்கிறது. உன் காதில் விழ வேண்டிய வார்த்தையை நீ போன பிறகுதான் என்னால் சொல்ல முடிந்தது. இருந்திருந்தால், "பரவாயில்லையே தம்பி" என்றிருப்பாய். சொல்லித் தொலை. இனி நான் அதற்குக் கூசப்போவதில்லை.