நான் போடாத வளைவு

போன வாரம் சமையல்கட்டுக்கு ஒரு மேசை செய்யச் சொல்லலாம் என்று ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மேசையின் படத்தை வரைந்து காட்டி, "கார்னர வளைச்சிடவா ஆன்ட்டி? ரேடியஸ் எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டாள். திரையில் ரேடியஸ் என்ற கட்டத்துக்குள் சைபர் இருந்தது. அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மேசையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது.

நீ இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் இருந்தது புள்ள.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரே பட்டறையில், படம் வரையும் அறையில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆலைகளுக்கு வேண்டிய சக்கரம், சுழல்தண்டு எல்லாவற்றுக்கும் நாம்தான் படம் வரைவோம். தண்டின் தடித்த பாகம் முடிந்து மெலிந்த பாகம் தொடங்கும் மூலையில் சின்னதாக ஒரு வளைவு விட வேண்டும். விடாவிட்டால் அங்கேதான் விரிசல் கண்டு முறியும். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு காம்பஸைத் திருப்புவாய். "ஏன்டி, கொழந்தைக்கு மை வைக்கிற மாதிரி வைக்கிற?" என்று கேலி செய்வேன். "ஒனக்கென்ன, வரைஞ்சு தள்ளிட்டுப் போயிருவ. கூரா விட்டா ஒடஞ்சிடும் லா," என்பாய்.

எண்பதுகளின் நடுவில் அந்த அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்காகவே ஏர்கோன் மாட்டினார்கள். இத்தனை நாள் நாம் வெந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்று சிரித்தோம். அதில் வளைவு போடுவது சுலபம். ரேடியஸ் எண்ணைத் தட்டிவிட்டு இரண்டு கோட்டைத் தொட்டால் போதும். சைபர் என்று தட்டினால் வளைவு விழாது, இரண்டு கோடும் கூராக ஒட்டிக்கொள்ளும். தனித்தனியாக நிற்கும் கோடுகளைச் சேர்க்க அப்படித்தான் செய்வோம். ஆனால் நாமாக மாற்றும்வரை அந்தச் சைபர் அங்கேயே கிடக்கும்.

அது சனிக்கிழமை, அரைநாள் வேலை. ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம். ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குச் சுழல்தண்டு வரைந்துகொண்டிருந்தேன். கோடுகளைச் சேர்த்துவிட்டு, எண்ணை மாற்றாமலே மூலைகளையும் தொட்டுக்கொண்டு போனேன். அந்தச் சின்னத் திரையில் ஆறு மில்லிமீட்டர் வளைவு இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குப் பிடிபடாது. கையால் வரைந்தபோது பக்கத்திலேயே அளவை எழுதுவோம். அன்றைக்கு அதையும் எழுதவில்லை. படம் தாளில் வந்ததும், வரைந்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் நீட்டினேன். சரிபார்த்தவர் கட்டம் உனக்கு.

"கார்னர் எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன், எல்லாம் ஆறுதான். பஸ்ஸு போயிடும் லா, சைன் போடு!"

நான் பார்க்கவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாய்.

பட்டறையில் படத்தில் உள்ளபடி கூராகவே கடைந்து கொடுத்தார்கள். நாலாம் மாதம் அந்த மூலையில் தண்டு முறிந்தது. பக்கத்தில் நின்ற தொழிலாளிக்கு ஒரு கால் போய்விட்டது. மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டுப் படத்தை மேசையில் விரித்தார். வரைகிறவள் தப்புச் செய்வாள், அதைப் பிடிக்கத்தானே இன்னொருத்தி என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டேன் என்று இவள் சொன்னாளே என்று நீ சொல்லியிருக்கலாம். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாய். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தான் சரியா பாக்கல சார்," என்றாய்.

அன்று மத்தியானமே உன்னை அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை உன் பின்னாலேயே வந்தேன். "நீ உள்ள போ லா, மேனேஜர் தேடப் போறாரு," என்றாய். குரலில் கோபமே இல்லை. திட்டியிருக்கக் கூடாதா? கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கக் கூடாதா, பாவி!

அதன் பிறகு நீ ஒரு தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று வேலை செய்து கால் வீங்கிக் கிடந்தாய். நான் அந்த ஏர்கோன் அறையிலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் என்று எத்தனை தடவை பார்த்துக்கொண்டோம்! சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று கேட்பாய். நானும் அதையே கேட்பேன். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்றே எல்லாத் தடவையும் போய்விட்டது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் காம்பாரில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். வந்தவர்கள் கலைந்த பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா கடைசி வரைக்கும் அதையேதான் ஆன்ட்டி சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 'நான் பாக்காம சைன் போட்டேன், ஒரு மனுசனுக்குக் காலு போச்சு'ன்னு. நீங்களும் அதே ஆபீஸ்தானே? அன்னைக்கு என்னாதான் ஆச்சு?"

அந்தப் படத்தின் ஒவ்வொரு கோடும், உன் கையெழுத்தின் சுழிகூட, இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறது. உன் மகள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ரொம்ப வருசமாச்சும்மா, எனக்கு ஞாபகம் இல்ல," என்றேன். மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன்.