வருட வாரியாக அடித்திருக்கலாம்

நண்பா,

இன்று காலை தட்டச்சுப் பொறியின் மூடியைத் திறந்தேன். கார்பன் தாளின் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. காஜா பெராங் தெருவில் என் அறையில், இதே பொறிக்கு எதிரே நீ உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம்.

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டான். எட்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நீ, மனைவியோடு டவுனுக்கு வந்து மரவள்ளிக்கிழங்கில் காலம் தள்ளினாய். ஜப்பான்காரனிடம் வேலை கேட்டு மனுப் போட வேண்டும். ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவன் நான், உனக்கு அடிக்க மாட்டேனா?

"வருச வாரியா அடிடா, எந்த வருசம் எங்க இருந்தேன்னு. அதான் மொறை," என்றாய்.

எனக்குத்தான் மேதாவித்தனம். எட்டு வருடமும் ஒரே வெள்ளைக்காரன் பெயர் நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று உன் வாயை அடைத்தேன். வருடங்களை விட்டுவிட்டு, உனக்குத் தெரிந்த வேலைகளை மட்டும் வரிசையாக அடித்தேன். முந்நூறு கூலியாட்களைக் காலைப் பெரட்டில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்பத் தெரியும் என்பது முதல் வரி.

"முந்நூறா? நூத்தம்பது பேருகூட இல்லடா!" என்று சிரித்தாய்.

சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிடித்த ஆட்களைக் கட்டி மேய்க்க அப்படி ஒருவனைத்தான் தேடினார்கள். மறுநாளே கூப்பிட்டார்கள். "மூணு மாசம்தான்," என்று லாரி ஏறினாய். என் மனுவை மட்டும் நான் வருட வாரியாக அடித்திருந்தேன், கடைக் கணக்கப்பிள்ளை என்று. என்னை அரிசிக் கிடங்கில் உட்கார வைத்தார்கள்.

உன்னோடு போய்த் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். வாந்திபேதியாம். படுக்கும்வரை பெரட்டை நீதான் எடுத்தாயாம், பாதிப் பெயருக்குப் பதில் சொல்ல ஆளில்லையாம். அன்று நான் சோற்றைத் தொடவில்லை.

இப்போது ஜப்பான்காரனும் போய்விட்டான். நேற்று உன் மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு மனு வேண்டுமாம்.

"அண்ணே, அவருக்கு அடிச்சுக் கொடுத்தீங்களே, அதே மாதிரி அடிங்க. ஒரே நாள்ல வேலை கெடச்சிச்சே."

வியாதிதான் உன்னைக் கொண்டுபோனது, மனு நல்ல மனு என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். வருட வாரியாகத்தான் அடித்து வைத்திருக்கிறேன். நாளை வாங்க வருவாள். ஏன் அதே மாதிரி அடிக்கவில்லை என்று கேட்பாள். பயமாக இருக்கிறதடா. அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.